பெயரில்லாப் பெட்டிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பாமல் இன்று எவரும் கல்லூரிக்குள் நுழைய முடியாது. சேர்க்கை, கல்வி உதவித்தொகை, தேர்வுக் கட்டணம், போட்டித் தேர்வு என எல்லாவற்றிற்கும் படிவம் உண்டு. முன்பு தாளில் இருந்தவை இப்போது பெரும்பாலும் வலைப்பக்கத்தில் இருக்கின்றன. தாள் படிவத்தில் இடப்புறம் 'தந்தை பெயர்' என்று அச்சிட்டு, முக்காற்புள்ளி வைத்து, வலப்புறம் புள்ளிக் கோடு போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லுக்கும் அந்தக் கோட்டிற்கும் என்ன உறவு என்று எவரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. இரண்டும் ஒரே வரியில் அடுத்தடுத்து இருக்கின்றன. கண் அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது.

வலைப்பக்கப் படிவமும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கிறது. இடப்புறம் சொல், வலப்புறம் பெட்டி. ஆயினும் அங்கேயும் இரண்டையும் சேர்ப்பது நம் கண்தான். சொல்லையும் பெட்டியையும் திரையில் வரைந்து காட்டிய உலாவிக்கு அவை ஒன்றுக்கொன்று உரியவை என்பது தெரியாது. பக்கத்தை எழுதியவர் சொன்னால்தான் தெரியும். அதை எவ்வாறு சொல்வது, சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் வலை வடிவமைப்புப் பாடத்தில் இது ஒரு வரியில் வந்து போய்விடுகிறது. ஒரு வரியில் விட்டுவிடக்கூடிய செய்தி அன்று என்பது என் எண்ணம்.

வலைப்பக்கங்களை எழுதும் மொழியாகிய எச்.டி.எம்.எல்.லின் இரண்டாம் பதிப்பு 1995 நவம்பரில் வெளியாயிற்று. அதிலேயே படிவமும் உள்ளீட்டுப் பெட்டியும் தேர்வுப் பட்டியலும் இருந்தன. ஆனால் பெட்டியின் பெயரைக் குறிப்பதற்கென்று தனி உறுப்பு எதுவும் இல்லை. பெட்டிக்கு முன்னால் வெறும் எழுத்தாகப் பெயரைத் தட்டச்சு செய்தார்கள். எல்லாம் நேராக நிற்க வேண்டுமென்று அட்டவணைக் கட்டங்களுக்குள் வைத்தார்கள். 1997 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில்தான் 'லேபிள்' என்ற உறுப்பு சேர்க்கப்பட்டது. இப்போது அதற்கு வயது ஏறத்தாழ முப்பது. இருந்தும் புதிதாக எழுதப்படும் பக்கங்களில்கூட அது விடுபட்டுப் போவதைக் காண்கிறோம்.

இணைக்கும் முறை

இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பழகிய தேர்வுக்கூடத்தையே எடுத்துக்கொள்வோம். அறை வாசலில் ஒட்டிய பட்டியலில் பதிவு எண் இருக்கிறது. உள்ளே மேசையிலும் அதே எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறார்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால்தான் நாம் நம் மேசைக்குப் போய்ச் சேருகிறோம். பட்டியல் வாசலில் இருக்கிறதா, மாடிப்படியின் கீழ் இருக்கிறதா என்பது முக்கியமில்லை. எண் பொருந்தினால் போதும்.

லேபிளும் அப்படியே. உள்ளீட்டுப் பெட்டிக்கு 'ஐடி' என்ற பண்பில் ஓர் அடையாளம் கொடுக்கிறோம். லேபிளில் 'ஃபார்' என்ற பண்பில் அதே அடையாளத்தை எழுதுகிறோம். ஆங்கில எழுத்தில் எழுத வேண்டிய சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

<லேபிள் ஃபார்="பெயர்">மாணவர் பெயர்</லேபிள்>
<இன்புட் டைப்="டெக்ஸ்ட்" ஐடி="பெயர்" நேம்="மாணவர்">

முதல் வரியில் 'ஃபார்' சொல்வதும் இரண்டாம் வரியில் 'ஐடி' சொல்வதும் ஒன்றே. இணைப்பு முடிந்தது. 'நேம்' என்று இன்னொரு பண்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்கு இதில் வேலையில்லை. நாம் நிரப்பிய தகவல் சர்வருக்குப் போகும்போது எந்தப் பெயரில் போக வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. நம் ஆய்வகப் பயிற்சிகளில் 'நேம்' மட்டும் எழுதி 'ஐடி'யை விட்டுவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. படிவம் ஒழுங்காக வேலை செய்யும், தகவல் சர்வருக்குப் போய்ச் சேரும், மதிப்பெண்ணும் கிடைக்கும். இணைப்பு மட்டும் இராது. தவறு கண்ணுக்குத் தெரியாத வகையைச் சேர்ந்தது என்பதால்தான் அது இத்தனை காலம் வாழ்கிறது.

இரண்டாவது முறையும் உண்டு. லேபிளைத் திறந்து, பெயரை எழுதி, அதற்குள்ளேயே பெட்டியையும் வைத்து மூடிவிடலாம். அப்போது ஃபாரும் ஐடியும் தேவையில்லை. ஒரு லேபிளுக்குள் இரண்டு பெட்டிகளை வைத்தால் முதல் பெட்டிக்கு மட்டுமே அந்தப் பெயர் சேரும்.

ஒரே அடையாளம் ஒரு பக்கத்தில் ஒரு முறைதான் வரவேண்டும். ஐந்து பாடங்களின் மதிப்பெண்ணைக் கேட்கும் படிவத்தை நிரலில் ஒரு சுழற்சி வைத்து எழுதும்போது ஐந்து பெட்டிக்கும் ஒரே ஐடி விழுந்துவிடுவது எளிது. அப்போது ஐந்து லேபிள்களும் முதல் பெட்டியையே சுட்டும். ஐந்து மேசைகளில் ஒரே பதிவு எண்ணை எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! சுழற்சியின் எண்ணையும் ஐடியோடு சேர்த்துவிட்டால் இத்தொல்லை இல்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் இங்கே கணக்கில் வரும். ஐடிக்குள் இடைவெளி கூடாது.

தமிழ் மாணவர்களாகிய நமக்கு நேரக்கூடிய ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். 4.01 பதிப்பு வரையில் ஐடி ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி இருந்தது. எச்.டி.எம்.எல். 5 அந்த விதியைத் தளர்த்திவிட்டது. ஆகவே மேலே நான் காட்டியதுபோல் ஐடியின் மதிப்பைத் தமிழிலேயே எழுதலாம். மகிழ்ச்சிதான். ஆனால் 'தொலைபேசி' என்று எழுதும்போது கவனம் வேண்டும். 'தொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உலாவியோ எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்களை ஒப்பிடுகிறது. லேபிளில் ஒரு வகையும் பெட்டியில் மற்றொரு வகையும் அமைந்துவிட்டால் இணைப்பு விழாது. நாமோ நாள் முழுவதும் உற்றுப் பார்த்தாலும் காரணம் பிடிபடாது. 'கௌரி' என்பதை ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதுபவர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்கும் இதே கதிதான். எனவே ஐடியை ஆங்கிலச் சிறிய எழுத்தில் வைத்துக்கொண்டு, மக்கள் காணும் லேபிளைத் தமிழில் எழுதுவதே பாதுகாப்பு என்பேன்.

பெயரைக் கேட்பவர் யார்?

பார்வையற்றவர்கள் கணினியைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ளதை அது குரலாக மாற்றிச் சொல்லும். அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது விலையின்றிக் கிடைப்பது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் அதை எழுதத் தொடங்கினார். பின்னர் அவருடன் சேர்ந்த ஜேம்ஸ் டே என்பவரும் பார்வையற்றவரே. அதனுடன் வரும் குரல்களில் தமிழும் உண்டு.

திரைவாசிப்பான் திரையின் படத்தைப் பார்ப்பதில்லை என்பது இங்கே நினைவிற்கொள்ளத்தக்கது. உலாவி பக்கத்தைப் படித்து முடித்ததும், அதிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் என்ன, வகை என்ன, நிலை என்ன என்று ஒரு தனிப் பட்டியலைக் கிளை கிளையாக அமைத்துக்கொள்கிறது. திரைவாசிப்பான் வாங்கிப் படிப்பது அந்தப் பட்டியலைத்தான். வகை, 'எழுதும் பெட்டி' என்பது இன்புட்டிலிருந்து தெரிந்துவிடும். நிலை, 'காலி' என்பதும் தெரிந்துவிடும். பெயர் மட்டும் லேபிளிலிருந்து வரவேண்டும். லேபிள் இணைக்கப்படவில்லை என்றால் பெயர் என்ற இடம் வெறுமையாக நிற்கும்.

அருகில் இருக்கும் எழுத்தை அது படித்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். பக்கத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டு போனால் படிக்கும். ஆனால் படிவத்தை நிரப்புபவர் டேப் விசையை அழுத்தி ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவுகிறார். நாமும் அப்படித்தானே செய்கிறோம்! அந்தத் தாவலில் இடையிலுள்ள வெறும் எழுத்துகள் தாண்டப்படுகின்றன. சில திரைவாசிப்பான்கள் பக்கத்து எழுத்தை வைத்து ஊகிக்க முயல்வதுண்டு. ஊகம் தவறினால் தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் பின்கோடு போய் உட்காரும். அதைவிட ஒன்றும் சொல்லாமலே இருக்கலாம்.

எங்கள் கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயிலும் பார்வையற்ற அண்ணன் ஒருவர் சென்ற ஆண்டு ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க எங்கள் ஆய்வகத்திற்கு வந்தார். நன்றாகத் தட்டச்சு செய்வார், என்னைவிட வேகம். பக்கத்தைத் திறந்து டேப் விசையை அழுத்தினார். "எடிட், பிளாங்க்" என்றது கணினி. மீண்டும் அழுத்தினார். மீண்டும் "எடிட், பிளாங்க்." இப்படியே பதினான்கு முறை. "தம்பி, பதினாலு பெட்டி இருக்குன்னு மட்டும் சொல்லுது. எதுல என்ன போடணும்னு சொல்ல மாட்டேங்குதே" என்றார். நான் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு பெட்டியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆண்டு வருமானம் வந்தது, சொன்னார். வங்கிக் கணக்கு எண் வந்தது, சொன்னார். கடைசியில் கடவுச்சொல் அமைக்கும் பெட்டி வந்தபோது விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இதையும் உங்கிட்டத்தான் சொல்லணுமா, நானே அடிக்கலாமா?" என்று கேட்டார். அவரே அடித்தார். ஆனால் அதற்குள் அவருடைய வருமானமும் கணக்கு எண்ணும் அறையில் இருந்த ஆறேழு பேர் காதில் விழுந்திருந்தன.

அந்தப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். பெயர்கள் ஒரு கட்டத்தில், பெட்டிகள் அடுத்த கட்டத்தில், 1995-ஆம் ஆண்டு வழக்கப்படி அட்டவணையில் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு லேபிள்கூட இல்லை. பதினான்கு லேபிள்களை எழுத அரைமணி நேரம் ஆகாது.

படிவம் நிரப்ப இன்னொருவரை நாடுவது என்றால் என்ன என்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எனக்கு முன்பு வீட்டிற்கு எந்தப் படிவம் வந்தாலும் என் தந்தையார் அதைத் தெருவில் படித்தவர் ஒருவரிடம் எடுத்துப் போவார். எழுதித் தருபவர் நல்லவர்தான். ஆனால் எங்கள் வீட்டு வருமானம், கடன், நிலத்தின் அளவு எல்லாம் அவருக்கு மனப்பாடம். என் தந்தையாருக்கு எழுத்து தெரியாது, அதனால் போனார். எங்கள் அண்ணன் முதுகலை படிப்பவர். அவரையும் அதே நிலைக்குக் கொண்டுவந்தது அந்தப் பக்கத்தில் எழுதப்படாத பதினான்கு சொற்கள்.

பார்வை உள்ளவர்க்கும் பயன் உண்டு

இணைக்கப்பட்ட லேபிளைச் சுட்டியால் சொடுக்கினால் பெட்டிக்குள் எழுதும் குறி போய் நிற்கும். தேர்வுக்குறிப் பெட்டியாக இருந்தால் குறி விழும். அந்தச் சிறு சதுரம் உலாவிகளில் வழக்கமாகப் பதின்மூன்று பிக்சல் அளவே இருக்கும். பேருந்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் அதைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கை நடுங்கும் முதியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லேபிள் இணைந்திருந்தால் 'மேற்கண்ட விவரங்கள் உண்மையென உறுதியளிக்கிறேன்' என்ற வரி முழுவதுமே தொடத்தக்க இடமாகிவிடுகிறது. இலக்கு சிறிதாகவும் தொலைவிலும் இருந்தால் அதை அடையும் நேரம் மிகும் என்பதை பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-இல் ஒரு சூத்திரமாகவே தந்திருக்கிறார். இங்கே சதுரத்தைப் பெரிதாக்காமலே இலக்கு பெரிதாகிறது.

இப்போது ஒரு புதிய வழக்கம் பரவியிருக்கிறது. லேபிளே எழுதாமல், பெட்டிக்குள் மங்கலான எழுத்தில் 'உங்கள் பெயர்' என்று காட்டுவது. இதனைப் பிளேஸ்ஹோல்டர் என்பார்கள். இடம் மிச்சம், பார்க்க நாகரிகம். ஆனால் முதல் எழுத்தைத் தட்டியவுடன் அது மறைந்துவிடும். பாதி எழுதும்போது தொலைபேசி மணி அடித்து, பேசிவிட்டுத் திரும்பினால், எந்தப் பெட்டியில் எதை எழுதிக்கொண்டிருந்தோம் என்பது மறந்துபோகும். மங்கல் நிறம் வெயிலில் தெரியாது. எடுத்துக்காட்டு காட்டுவதற்கு அது நல்லது. பெயராக இருக்கத் தகுதியற்றது.

'ஏரியா-லேபிள்' என்று வேறொரு பண்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் திரைவாசிப்பானுக்கு மட்டும் பெயர் சொல்வது. உருப்பெருக்கிக் கண்ணாடிப் படம் மட்டும் போட்ட தேடல் பெட்டி போன்ற இடங்களில் அது பொருந்தும். மற்ற இடங்களில் அதை நாடுவதை நான் விரும்பவில்லை. சொடுக்கும் பயன் அதில் கிடையாது. மேலும், பக்கத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொல்லை மாற்ற மறந்துவிடுவார்கள். தமிழ்ப் படிவத்தின் நடுவே ஆங்கிலம் ஒலிக்கும்.

ஆம், இல்லை

வட்டப் பொத்தான்களில் ஒரு நுட்பம் உண்டு. 'முதல் தலைமுறைப் பட்டதாரியா?' என்று கேட்டு, 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள் வைக்கிறோம். இரண்டிற்கும் லேபிள் இணைத்தாயிற்று. திரைவாசிப்பான் "ஆம்" என்கிறது. எதற்கு ஆம்? கேள்வி எங்கோ மேலே வெறும் எழுத்தாக நிற்கிறது. அடுத்த கேள்வி 'விடுதியில் தங்குகிறீர்களா?' என்று இருந்து, அதற்கும் 'ஆம்', 'இல்லை' என்றே வந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். இதற்காகவே லேபிளுடன் அதே 4.0 பதிப்பில் 'ஃபீல்டுசெட்', 'லெஜண்ட்' என்ற இரண்டு உறுப்புகளும் வந்தன. பொத்தான்கள் எல்லாவற்றையும் ஃபீல்டுசெட் என்ற வேலிக்குள் வைத்து, கேள்வியை லெஜண்டில் எழுதினால், அந்தக் குழுவிற்குள் நுழையும்போது கேள்வியும் சேர்ந்து ஒலிக்கும்.

இவையெல்லாம் வடிவமைப்பாளரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தவை என்று எண்ண வேண்டாம். பெயர்களைப் பெட்டிகளோடு வெளிப்படையாக இணைக்க வேண்டும் என்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் வழிகாட்டி 1999 மே மாதத்திலேயே கூறியது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. வங்கி முதலியவற்றிற்கான கே.ஒய்.சி. சரிபார்ப்பைக் கணினி வழியே செய்து முடிக்க இயலாத நிலையில், அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. சட்டம் இத்தனை தூரம் வந்திருந்தும், அமெரிக்காவின் வெப்எய்ம் என்ற அமைப்பு 2024-இல் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களை ஆராய்ந்தபோது 48.6 விழுக்காட்டில் லேபிள் விடுபட்ட பெட்டிகள் இருந்தன. நம் கல்லூரி மாணவர்கள் மட்டும் இத்தவறைச் செய்யவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்!

சோதிப்பது மிக எளிது. பெயரின்மேல் சொடுக்குங்கள். எழுதும் குறி பெட்டிக்குள் போனால் இணைப்பு இருக்கிறது. போகாவிட்டால் பெரும்பாலும் இல்லை. பத்துப் பெட்டிக்கு ஒரு நிமிடம் போதும். இன்னும் சரியாக அறிய விரும்புவோர் என்.வி.டி.ஏ.வை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு வரலாம். கணினியில் நிறுவாமலே அது ஓடும். திரையை அணைத்துவிட்டு, தாம் எழுதிய படிவத்தைத் தாமே டேப் விசையால் நிரப்பிப் பார்க்கலாம். ஆய்வகப் பதிவேட்டில் வெளியீட்டுப் படம் ஒட்டும் பக்கத்தில், திரைவாசிப்பான் சொன்ன சொற்களையும் வரிசையாக எழுதச் சொன்னால் என்ன என்று எங்கள் துறை ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.